கருப்புக் குதிரையும் கரிசல் மண்ணும்

ஆகஸ்டு 15 அன்று காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா திருவிழா. கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரத்துக் கரிசல் ஊர்களிலிருந்து வேதக்காரர்களும் மற்றவர்களும் கலந்து வந்து கூடும் விழா அது. வீரமாமுனிவர் தங்கிப் பணி செய்த பழைய பங்கு. மரியாளின் விண்ணேற்பு நாள் என்பதால் அன்றைய திருப்பலியில் உலகமெங்கும் ஒரே பகுதிதான் வாசிக்கப்படுகிறது: விவிலியத்தின் கடைசி நூலில் 12ஆம் அதிகாரம். கத்தோலிக்கர் அந்த நூலைத் திருவெளிப்பாடு என்பார்கள். சீர்திருத்த சபையார் வெளிப்படுத்தின விசேஷம் என்பார்கள்.

அந்த அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். சூரியனை உடுத்தியிருக்கிறாள். காலடியில் நிலவு, தலையில் 12 நட்சத்திரங்களால் ஆன கிரீடம். நிறைமாதம், வலி கண்டுவிட்டது. ஏழு தலையும் பத்துக் கொம்பும் உள்ள சிவந்த வலுசர்ப்பம் ஒன்று, பிள்ளை பிறந்ததும் விழுங்கிவிட வாயைத் திறந்தபடி முன்னால் நிற்கிறது. பிள்ளை அதன் வாய்க்குத் தப்பிக் கடவுளிடம் சேர்க்கப்படுகிறது. தாய் வனாந்தரத்துக்கு ஓடிப்போய் அங்கே பிழைக்கிறாள்.

யார் இந்தப் பெண்? தேர் மேல் நிற்கும் மாதாவைப் பார்த்துக்கொண்டே வாசகத்தைக் கேட்கிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. மரியாள்தான். அது தவறும் அல்ல. ஆனால் அந்த விடை மேல்மண். தோண்டினால் கீழே இன்னும் மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

ஆதியாகமத்தில் யோசேப்பு ஒரு கனவு காண்கிறான். சூரியனும் சந்திரனும் 11 நட்சத்திரங்களும் அவனை வணங்குகின்றன. தகப்பன், தாய், சகோதரர்கள் என்று அவன் வீட்டாரே அதற்குப் பொருள் கொள்கிறார்கள். யோசேப்பையும் சேர்த்தால் பன்னிரண்டு. இஸ்ரயேலின் பன்னிரண்டு குலங்கள். ஆக, முதல் அடுக்கில் அந்தப் பெண் ஒரு மக்களினம். ஏசாயா போன்ற தீர்க்கதரிசிகளும் சீயோனைப் பிள்ளை பெறும் தாயாகவே பாடியவர்கள். அந்த இனத்திலிருந்து மேசியா பிறந்தார் என்பது இரண்டாம் அடுக்கு. மேசியாவைப் பின்பற்றியதற்காக விரட்டப்பட்டு ஒளிந்து வாழும் சபை மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே உடலில் கூடுகிற இடமாக மரியாளைப் பார்த்தது பிற்காலப் பக்தி. ஒரு பொருள் வந்ததால் முந்தியது அழியவில்லை. பல பொருளைச் சேர்த்துச் சுமக்கத்தான் அந்த நூலாசிரியர் உருவகங்களை எடுத்தார்.

அவள் வனாந்தரத்தில் இருக்கும் காலம் 1,260 நாள். வேறோரிடத்தில் அதே காலம் 42 மாதம். இன்னோரிடத்தில் மூன்றரைக் காலம். கணக்குப் போட்டால் எல்லாம் ஒன்றே. இந்த அளவு தானியேல் நூலிலிருந்து வருகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கு எப்பிபானஸ் என்ற மன்னன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான், பலி நின்றது. கி.மு. 164இல் யூதர்கள் ஆலயத்தை மீட்டுப் புனிதப்படுத்தினார்கள். அதிலிருந்து மூன்றரை என்பது கொடுங்கோலுக்கு அளந்துவிட்ட காலத்தின் பெயர் ஆயிற்று. ஏழு என்றால் நிறைவு. மூன்றரை அதில் பாதி. அக்கிரமம் நீளும், ஆனால் நிறைவு வரை நீளாது என்பது அந்த எண்ணின் பேச்சு. அதை வைத்து நாட்காட்டியில் தேதி தேடுவது எண்ணின் வாயை அடைப்பதாகும்.

தமிழருக்கு இந்த வகைப் பேச்சு அந்நியம் இல்லை. புலி, யானை, வேங்கைப் பூ என்று சொல்லித் தலைவன் தலைவியின் நிலையை உணர்த்துவதைத் தொல்காப்பியம் உள்ளுறை என்று இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. சித்தர் பாட்டில் வரும் பாம்பையும் குடத்தையும் யாரும் பாம்பு, குடம் என்று மட்டும் படிப்பதில்லை. திருவெளிப்பாட்டுக்கு வரும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, வெட்டுக்கிளியை ஹெலிகாப்டர் என்றும், மிருகத்தை அன்றன்றைக்குச் செய்தியில் அடிபடும் நாடு என்றும் வாசிக்கிறோம். எழுப்புதல் கூட்டங்களில் இந்த விளக்கங்களைக் கேட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பயம்தான். ஆனால் திருவெளிப்பாடு ஆறுதல் சொல்ல எழுதிய நூல்.

யாருக்கு ஆறுதல்? இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த ஏழு நகரங்களின் சிறு சபைகளுக்கு: எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. ரோமப் பேரரசன் தொமித்தியானின் கடைசிக் காலத்தில், சுமார் கி.பி. 95இல், பத்மு தீவிலிருந்த யோவான் எழுதியது என்பது பழைய மரபு. சிலர் அதற்குச் சில பத்தாண்டுகள் முன்னே கொண்டுபோவார்கள். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பதற்கென்றே எழுதிய நூல். பேரரசனுக்குக் கோயில் கட்டிப் பூசை செய்த ஊர்கள் அவை. பெர்கமுவில் ரோமுக்கும் அகுஸ்துவுக்கும் கி.மு. 29இலேயே கோயில் எழும்ப அனுமதி கிடைத்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ரோம் விழும் என்று பெயர் சொல்லி எழுத முடியாது. அதனால் பாபிலோன் என்று எழுதினார். எருசலேமின் முதல் ஆலயத்தை இடித்தது பாபிலோன், இரண்டாவதைக் கி.பி. 70இல் இடித்தது ரோம். கேட்டவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. போதாதென்று, பாபிலோன் என்ற வேசி ஏழு மலைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று 17ஆம் அதிகாரத்தில் தூதனே சொல்லிவிடுகிறான்.

இது முக்கியம். நூல் தன் சாவிகளில் பலவற்றைத் தானே கையில் தருகிறது. குத்துவிளக்குகள் சபைகள். தூபம் பரிசுத்தவான்களின் ஜெபம். வேசி உட்கார்ந்திருக்கும் தண்ணீர் மக்கள்கூட்டம். மெல்லிய வெள்ளைத் துகில் நற்செயல்கள். கொம்பு என்றால் வலிமை, கண் என்றால் அறிவு என்பது பழைய ஏற்பாட்டுப் பழக்கம். ஏழு கொம்பும் ஏழு கண்ணும் உள்ள ஆட்டுக்குட்டியைப் படமாக வரைந்தால் பயங்கரமாக இருக்கும், பொருளாகக் கேட்டால் முழு வலிமையும் முழு அறிவும் உள்ளவர், ஆனால் அறுக்கப்பட்டவர். இந்த நூலின் நடுநாயகமே அந்த முரண்தான். யூதா குலத்துச் சிங்கம் என்று அறிவிப்பு வருகிறது; யோவான் திரும்பிப் பார்த்தால் நிற்பது ஓர் ஆட்டுக்குட்டி.

தன்னை வணங்கச் சொல்லும் கொடுங்கோலின் உருவமாக நூலில் ஒரு மிருகம் வருகிறது. அதன் எண் 666க்கு வருவோம். ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடலில் எட்டு என்றும் கால் என்றும் எண்ணைச் சொல்லி ஒருவரை வைவது நமக்குத் தெரியும். தமிழ் எண் குறியில் எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’. சேர்த்தால் வசைச் சொல் கிடைத்துவிடும். எபிரேயத்திலும் எழுத்துகளே எண்கள். ரோமப் பேரரசன் நேரோவின் பெயரை ‘நேரோன் கேசர்’ என்று எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200, கூட்டினால் 666. லத்தீன் உச்சரிப்பை ஒட்டி ‘நேரோ’ என்று எழுதினால் கடைசி 50 விழுந்துவிடும், 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கசில் கிடைத்த பாப்பிரஸ் துண்டு அவற்றில் ஒன்று. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய இரேனியுவும் அந்தப் பாடபேதத்தை அறிந்திருந்தார். இரண்டு எண்ணும் ஒரே பெயரில் போய் நிற்பதுதான் இந்த விளக்கத்தின் பலம்.

நேரோ கி.பி. 68இலேயே செத்துவிட்டான். ஆனாலும் அவன் திரும்பி வருவான் என்ற வதந்தி கீழை மாகாணங்களில் பல காலம் உலவியது. சாவுக்கேதுவான காயம் ஆறிப்போன மிருகத்தின் தலை அந்த வதந்தியைத் தொடுகிறது. ஒரு நேரோ போனாலும் அடுத்தவன் உடம்பில் எழுந்துவருவான் என்று யோவான் சொல்கிறார். நெற்றியிலும் கையிலும் முத்திரை என்பதும் அப்படித்தான். கடவுளின் கட்டளைகளைக் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளும்படி உபாகமம் சொல்கிறது; மிருகத்தின் முத்திரை அதற்கு எதிர்முத்திரை. யாருக்கு உன் கையின் உழைப்பு, யாருக்கு உன் நெற்றியின் வணக்கம் என்ற கேள்வி அது. பார்கோடிலும் ஆதார் அட்டையிலும் அந்த எண் ஒளிந்திருக்கிறதோ என்று நடுங்குகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தவறவிடுகிறார்கள்.

கரிசல்காரர் யாருடைய உரையும் இல்லாமல் புரிந்துகொள்ளக்கூடிய அதிகாரம் என்று நான் நினைப்பது ஆறாவது. சுருள் ஒன்றின் ஏழு முத்திரைகளில் முதல் நான்கும் உடைபடும்போது நான்கு குதிரைகள் வருகின்றன: வெள்ளை, சிவப்பு, கருப்பு, மங்கலான பச்சை. வெற்றி, போர், பஞ்சம், சாவு. மூன்றாவதான கருப்புக் குதிரை மேல் இருப்பவன் கையில் ஆயுதம் இல்லை. தராசு இருக்கிறது. ஒரு குரல் விலை கூவுகிறது: ஒரு தெனாரியத்துக்கு ஒரு படி கோதுமை, அதே காசுக்கு மூன்று படி வாற்கோதுமை. கூடவே, எண்ணெயிலும் திராட்சரசத்திலும் கைவைக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு.

தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. அந்தப் ‘படி’ கிரேக்கக் கொய்னிக்சு. ஏறக்குறைய ஒரு லிட்டர், ஓர் ஆளின் ஒரு நாள் தீனி. நாளெல்லாம் உழைத்தால் தன் வயிற்றுக்கு மட்டும் கோதுமை கிடைக்கும். பெண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் மாட்டுக்கும் குதிரைக்கும் போடும் வாற்கோதுமைக்கு இறங்க வேண்டும். சிசரோ குறித்துவைத்த விலைகளோடு ஒப்பிட்டு, இது வழக்கமான விலையைப் போல் எட்டு மடங்கு முதல் பதினாறு மடங்கு வரை இருக்கும் என்று உரைகாரர்கள் கணக்கிடுகிறார்கள்.

எண்ணெயும் திராட்சரசமும் ஏன் தப்பின? ஆசிய மாகாணத்துப் பெரிய நிலக்காரர்கள் தானிய நிலத்தை ஒலிவத் தோப்பாகவும் திராட்சைத் தோட்டமாகவும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுமதியில் காசு அங்கேதான். தானியமோ வெளியிலிருந்து வர வேண்டியதாயிற்று. சுமார் கி.பி. 92இல் தொமித்தியான் மாகாணங்களில் பாதித் திராட்சைத் தோட்டங்களை வெட்டச் சொல்லி ஓர் ஆணை போட்டதாகவும், அதை விடாப்பிடியாக நிறைவேற்றவில்லை என்றும் ரோம வரலாற்றாசிரியர் சுவெத்தோனியு எழுதுகிறார். பணப்பயிருக்குப் பாதுகாப்பு, சோற்றுக்குப் பஞ்சம். யோவான் இதைத்தான் கருப்புக் குதிரை மேல் ஏற்றி உலாவிட்டார் என்று கொள்ள நல்ல ஆதாரம் இருக்கிறது.

கரிசல் பூமியின் கதைக்கு இது வெகு தூரம் இல்லை. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்றது. இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. உப்பம், கருங்கண்ணி என்று நாம் சொன்ன பருத்தி, ‘டின்னவேலி’ என்ற வணிகப் பெயரோடு தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. பதினோரு வருஷம் கழித்து 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிப் பாசனக் காட்டைவிட வானம் பார்த்த வடபகுதிதான் கூடுதலாக அடிபட்டது.

1877 ஜனவரியில் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலையில் சேர்ந்த ஓர் ஆணுக்கு ஒரு நாள் தானியம் ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவு, என்று அளவு குறைத்தார். மேலே ஓர் அணா. சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று எழுதிப் போராடினார். சில மாதம் கழித்தே அளவு கூட்டப்பட்டது. அந்தப் பஞ்ச காலத்திலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. யோவானின் குரல் ஒரு படி என்று கூவிற்று. டெம்பிளின் உத்தரவு ஒரு பவுண்டு என்றது. தராசு பிடித்த கை மாறியது, அவ்வளவே. அந்த ஆண்டுகளில் திருநெல்வேலி மிஷன் சபைகளில் ஆயிரக்கணக்கானோர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்கள் முன்னால் ஆறாம் அதிகாரம் வாசிக்கப்பட்டபோது, அந்தத் தராசு எதிர்காலத்தில் வரப்போகிற அடையாளமாகவா அவர்களுக்குத் தோன்றியிருக்கும்?

ஒன்பதாம் அதிகாரத்து வெட்டுக்கிளிகளை வேகமாகக் கடக்கலாம். யாத்திராகமத்து எட்டாம் வாதையும் யோவேல் தீர்க்கதரிசியின் வெட்டுக்கிளிப் படையும் சேர்ந்த உரு அது. கவனிக்க வேண்டியது ஒன்றே: இவை புல்லையும் மரத்தையும் தொடாமல் மனிதரை மட்டும் கொட்டுகின்றன. அதுவும் ஐந்து மாதத்துக்குத்தான். வாதைக்கு எல்லை உண்டு.

லவோதிக்கேயாவின் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தச் சபை அனலும் இல்லாமல் குளிரும் இல்லாமல் வெதுவெதுப்பாக இருக்கிறதென்று நூலில் அதற்கு வரும் கடிதம் கண்டிக்கிறது. அனல் என்றால் பக்தி, குளிர் என்றால் பக்தியின்மை என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். அப்படியானால் குளிராக இருப்பதையும் ஏன் விரும்ப வேண்டும்? அந்த வட்டாரத்தில் எராப்போலியில் வெந்நீர் ஊற்று, மருந்தாகும். கொலோசேயில் மலைக் குளிர்நீர், தாகம் தீர்க்கும். நடுவிலிருந்த பணக்கார ஊரான லவோதிக்கேயாவுக்குச் சொந்த ஊற்று இல்லை. கல்குழாயில் தொலைவிலிருந்து வந்த தண்ணீர் வெதுவெதுத்துப் போய், சுண்ணாம்பு படிந்து குழாயை அடைத்தது. அந்தக் குழாய்கள் இன்றும் கிடக்கின்றன. இரண்டு தண்ணீரும் உபயோகமானவை, உன்னுடையது எதற்கும் உதவாது என்பதுதான் கண்டனம். சீவலப்பேரியிலிருந்து குழாயில் தாமிரபரணி வர வேண்டும் என்று காத்திருந்த கோவில்பட்டிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கந்தகமும் இங்கே அன்றாடப் பொருள். தீக்குச்சி மருந்தில் அது சேர்கிறது. கோவில்பட்டி தீப்பெட்டியால் பிழைத்த ஊர். நூலில் வரும் அக்கினியும் கந்தகமுமான ஏரி சோதோம், கொமோரா அழிந்த கதையிலிருந்து எடுத்தது. அதில் போடப்படுகிறவர்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும்: மிருகம், கள்ளத் தீர்க்கதரிசி, வலுசர்ப்பம், கடைசியில் சாவும் பாதாளமும். சாவையே எரிக்கும் நெருப்பு. தீயோரும் அதில் பங்கடைவதாக நூல் சொல்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதன் முதன்மைக் குறி, தன்னைக் கடவுள் என்று வணங்கச் சொன்ன அதிகாரத்தின் மேல்தான்.

இந்த நூலைத் தேதிப் புத்தகமாக்கிய கதையும் நம் பக்கத்தில் நடந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவிய ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் வழியாக 1860இல் பெரிய எழுப்புதல் மூண்டது. வெள்ளைக்காரர் சம்பளமில்லாமல், உள்ளூர் மக்களின் வாயிலிருந்து எழுந்த பாட்டும் ஜெபமுமாகப் பரவிய அந்த இயக்கத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த அலை மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு 1875இல் யுயோமய சபையைத் தொடங்கி, 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தார். மக்கள் நம்பிக் காத்திருந்தார்கள். ஆண்டு கடந்து போனது. காத்திருந்தவர்களின் ஏக்கத்தில் பொய் இல்லை. தாது வருஷத்தைக் கண்ட தலைமுறை விடிவு கேட்டதில் என்ன குற்றம்? ஏமாற்றியது அந்தத் தேதி. ஆறுதலாக வந்த எண்களைக் கெடுவாக மாற்றினால், கெடு தவறும்போது ஆறுதலும் சேர்ந்து போய்விடுகிறது.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நூல் முழுக்க நடந்தால் இந்த மொழி எப்படி இயங்குகிறதென்று தெரியும். நான் முத்தை எடுத்துக்கொள்வேன். 17ஆம் அதிகாரத்தில் பாபிலோன் என்ற வேசி பொன்னும் மணியும் முத்தும் பூண்டு உட்கார்ந்திருக்கிறாள். 18இல் அவள் விழுகிறாள். வியாபாரிகள் தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று அழுகிறார்கள். 28 சரக்குகளின் பட்டியல் வருகிறது. பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, கோதுமை, ஆடுமாடு என்று போய் மனிதரின் உடலிலும் உயிரிலும் வந்து முடிகிறது. அடிமைகள்.

அந்த முத்துகளில் பாரசீக வளைகுடா முத்து உண்டு, மன்னார் வளைகுடா முத்தும் உண்டு. கோவில்பட்டி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்துக் கொற்கை அப்போது பாண்டியரின் துறைமுகம். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு போய்விடுகிறதென்று யோவானுக்குச் சற்று முந்திய ரோம எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்தார். அதே முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடும்போது, அங்கே மூழ்கி எடுக்கிறவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று சொல்கிறது. வேசியின் கழுத்து முத்துக்கும் பட்டியலின் கடைசிச் சரக்குக்கும் உள்ள தொடர்பை யோவான் சும்மா வைக்கவில்லை.

21ஆம் அதிகாரத்தில் புதிய எருசலேம் இறங்கி வருகிறது. அதற்குப் பன்னிரண்டு வாசல். ஒவ்வொரு வாசலும் ஒரே முத்து. வேசிக்குக் கழுத்தணியாக இருந்தது நகரத்துக்கு நுழைவாயில் ஆகிவிடுகிறது. அதை விற்கவும் முடியாது, ஒருவர் பூணவும் முடியாது, போகிற வருகிற எல்லாரும் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். எல்லாத் திசைக்கும் மும்மூன்று வாசல். எல்லா இனத்தாரும் தங்கள் மேன்மையைக் கொண்டுவருகிறார்கள். அங்கே இரவு இல்லாததால் அந்த வாசல்களை ஒருபோதும் சாத்துவதில்லை என்றும் யோவான் எழுதியிருக்கிறார்.